அலையை எண்ணிவிட்டு ஷட்டரைத் திறவுங்கள்: வன்னிக் கரைகளில் கறுப்பு வெள்ளை லோங் எக்ஸ்போஷர் கடற்படம் எடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

முல்லைத்தீவுக் கரைக்கு என்னோடு வந்து இந்த வகைப் படத்தை முதன்முறையாக முயன்றவர்களிடம் கமராவும் இருந்தது, முக்காலியும் இருந்தது, லென்ஸுக்குள் போகும் ஒளியை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்கும் பத்து ஸ்டொப் கறுப்பு பில்டரும் இருந்தது (ஒரு ஸ்டொப் என்பது ஒளியைப் பாதியாக்குவது). வேலைகளின் ஒழுங்கு மட்டும் இருக்கவில்லை. பில்டரை மாட்டிய பிறகு குவியத்தை (ஃபோகஸ்) தேடினார்கள். முக்காலியைப் பதிக்க முன்னர் சட்டகத்தை (படத்துக்குள் எது வரவேண்டும் என்பதை) அமைத்தார்கள். வெளிச்சம் இரட்டிப்பான பிறகும் பழைய கணக்கிலேயே எடுத்தார்கள். ஷட்டரை அரைச் செக்கனிலிருந்து சில நிமிடங்கள் வரை திறந்து வைக்கும் இந்த வேலையில் ஒரு தவறு நான்கு நிமிடத்தைத் தின்னும், விடியலில் நான்கு நிமிடம் போனால் அந்த வெளிச்சம் அன்றைக்குத் திரும்பாது. ஆகவே கீழே உள்ள படிகளை அவை சொல்லப்பட்ட ஒழுங்கிலேயே செய்யுங்கள்.

1. எத்தனை செக்கன் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பலர் திறப்பு நேரத்தை வெளிச்சத்தின் கையில் விட்டுவிடுகிறார்கள். பில்டரை மாட்டியதும் கமரா 17 செக்கன் என்று சொன்னால் 17 செக்கன் எடுக்கிறார்கள். உங்கள் படம் எவ்வளவு காலத்தைக் காட்டவேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். பில்டரும், லென்ஸில் ஒளி புகும் துவாரமும் அந்த முடிவை நிறைவேற்றுவதற்கான கருவிகள் மட்டுமே.

கரைக்குப் போனதும் பையைத் திறக்காதீர்கள். ஓர் அலை உடையும் கணத்தில் கடிகாரத்தைப் பார்த்து, அதற்குப் பின் வரும் பத்து அலைகளை எண்ணுங்கள். பத்தாவது உடையும்போது 80 செக்கன் கழிந்திருந்தால் ஓர் அலைக்கு 8 செக்கன் என்று கொள்ளலாம். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் மற்றெல்லாவற்றையும் கணக்கிட வேண்டும்.

அரைச் செக்கனிலிருந்து ஒரு செக்கன் வரை திறந்தால் ஓர் அலையின் ஒரு துண்டுதான் படத்தில் விழும். மணலில் ஏறிய நுரை திரும்பிப் போகும்போது இழுபட்ட நூல்களாகப் பதியும். 8 செக்கனில் ஓர் அலை முழுதாக வந்து போய்விடும், ஆயினும் நீருக்கு இன்னும் உருவம் இருக்கும். 30 செக்கனில் நான்கு அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கரையோரம் புகைபோல ஆகிவிடும். இரண்டு நிமிடத்துக்கு மேல் கடல் என்பது ஒரு சாம்பல் நிறத் தளம். அந்த நேரத்தில் உண்மையில் நீங்கள் படமெடுப்பது முகில்களின் ஓட்டத்தையே. அலை தெரியவேண்டும், முகிலும் கோடாக இழுபடவேண்டும் என்று ஒரே திறப்பில் இரண்டையும் கேட்பவர்களுக்கு இரண்டும் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் மனதில் வைத்திருங்கள். நீண்ட திறப்பு என்பது ஒரு சராசரி. 120 செக்கன் திறப்பில் ஒரு காகம் 10 செக்கன் கம்பத்தில் இருந்துவிட்டுப் பறந்தால், அதன் பங்கு பன்னிரண்டில் ஒன்றுதான். படத்தில் அது தேடினாலும் கிடைக்காது. கரையில் நடந்து போகிறவரும் அப்படியே மறைந்துவிடுவார். ஆனால் அதே மனிதர் கையில் டோர்ச் வெளிச்சம் இருந்தால் கதை வேறு: மங்கலான காட்சியில் பிரகாசமான ஒளி ஒரு செக்கன் கடந்தாலும் கோடு போட்டுவிடும். இருண்டது நகர்ந்தால் அழியும். ஒளிர்வது நகர்ந்தால் கீறும். முல்லைத்தீவுக்கு அருகே நந்திக்கடலைக் கடக்கும் வட்டுவாகல் பாலத்தைச் சட்டகத்துக்குள் வைத்து எடுக்கிறவர்கள் மோட்டார் சைக்கிள் ஒன்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஷட்டரைத் திறக்கவேண்டும்.

2. அசையாத ஒன்றைத் தேடுங்கள்

எல்லாம் அசைந்தால் காலம் போனது தெரியாது. அசையாத ஒன்று அருகில் நின்றால்தான் மற்றவை அசைந்தது தெரியும். பாறைக் கரைகளில் இது பிரச்சினையே இல்லை. வன்னியின் கிழக்குக் கரையில் இதுதான் முதல் பிரச்சினை. கொக்கிளாயிலிருந்து நாயாறு, அளம்பில், முல்லைத்தீவு என்று வடக்கே போனால் பெரும்பாலும் மணல்தான். பாறையை எதிர்பார்த்து நடந்தால் கால் வலி மிஞ்சும்.

ஆகவே மனிதர் நட்டதைத் தேடுங்கள். நாயாறு, நந்திக்கடல் போன்ற களப்புகளில் வலை கட்டுவதற்காக ஊன்றிய தடிகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. ஆழமற்ற நீர், பெரிய அலை இல்லை, தடிகள் சேற்றில் இறுகி நிற்கும். மன்னார்ப் பக்கத்தில் தலைமன்னாரின் பழைய இறங்குதுறை இருக்கிறது. அரிப்பில், ஆளுநர் பிரடெரிக் நோர்த்துக்காகக் கட்டப்பட்ட டொரிக் மாளிகையின் இடிபாடு, ஊரின் பெயருக்கேற்பக் கடல் அரித்துக்கொண்டிருக்கும் கரையின் விளிம்பில் நிற்கிறது. மணலில் ஏற்றிய வள்ளமும் அசையாப் பொருள்தான். நீரில் நங்கூரமிட்ட வள்ளம் அப்படியல்ல: அதன் அணியத்தை (முன்முனையை) அடிவானக் கோட்டோடு ஒப்பிட்டுப் பத்துச் செக்கன் உற்றுப் பாருங்கள்; சற்று ஏறி இறங்கினாலும் இரண்டு நிமிடப் படத்தில் அது கலங்கிய கறையாகத்தான் வரும்.

கரைவலை இழுக்கும் இடத்தில் நிற்கப்போகிறீர்கள் என்றால் மீன்பிடி வாடியில் உள்ளவர்களிடம் முதலில் கேளுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. வலை கரையை நெருங்க நெருங்க, இரண்டு கயிறுகளையும் இழுப்பவர்கள் ஒருவரையொருவர் நோக்கி நகர்ந்து வருவார்கள். தொடக்கத்தில் ஐம்பது அடி தள்ளியிருந்த கயிறு, நீங்கள் படமெடுத்துக்கொண்டிருக்கும்போது முக்காலியின் காலுக்கு வந்துவிடும். ஒரு முறை நான் எடுத்த நாற்பது செக்கன் படத்தைத் திரையில் எட்டிப் பார்த்த முதியவர் ஒருவர், "தம்பி, இருபது பேர் நிண்டு இழுக்கிறம், ஒருத்தரையும் காணேல்ல, வெறும் புகையெல்லோ வந்திருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. இழுக்கும் மனிதர்கள் படத்தில் வேண்டுமென்றால் கால் செக்கனுக்கு மேல் போகக்கூடாது.

இடம் தேடும்போது மூன்று எச்சரிக்கைகள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பகுதியில் நல்ல கோணத்துக்காகப் பற்றைக்குள் இறங்காதீர்கள். மக்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகவேண்டாம். கடற்படை, இராணுவ முகாம்களின் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். இருட்டில் முக்காலியோடு நிற்பதாக இருந்தால் முன்னரே அருகிலுள்ளவர்களிடம் சொல்லி வைப்பது நல்லது. முள்ளிவாய்க்கால் கரையில் மக்கள் விட்டுச் சென்ற எதையும் முன்னணிப் பொருளாக நகர்த்தி வைக்காதீர்கள். அங்கே படமெடுப்பதா இல்லையா என்பதை அவரவர் மனம் தீர்மானிக்கட்டும், பொருள்களைத் தொடுவதில் மட்டும் இரண்டு கருத்து இருக்க முடியாது.

3. காற்றைப் பார்த்து நாளைத் தெரிவு செய்யுங்கள்

முல்லைத்தீவுக் கரையில் சூரியன் கடலில் உதிக்கும். மன்னார்க் கரையில் கடலில் மறையும். இது எல்லோருக்கும் தெரியும். காற்றைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை.

வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றுக் காலத்தில், அதாவது நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை, கிழக்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். முகில்கள் கடலிலிருந்து கரையை நோக்கி வரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும்போது கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். முகில்கள் நம் தலைக்கு மேலாகக் கடலை நோக்கிப் போகும். இரண்டு காலத்திலும் முல்லைத்தீவில் கடலைப் பார்த்து நிற்பவரின் பார்வைக் கோட்டில்தான் முகில்கள் ஏறத்தாழ நகர்கின்றன. எனவே மூன்று நான்கு நிமிடத் திறப்பில் அவை அடிவானத்தின் ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல விரிந்து தெரியும். அந்தப் புள்ளிக்குக் கீழே உங்கள் தடியோ வள்ளமோ வருமாறு நிற்பது படத்தைப் பாதி முடித்துவிடும். காற்று குறுக்கே வீசினால் விசிறிக்குப் பதிலாகக் கிடைக்கோடுகள் கிடைக்கும். அதற்கேற்ப இடத்தை மாற்றுங்கள்.

முகிலே இல்லாத நாளில் நீண்ட திறப்பால் வானத்தில் ஒன்றும் நடக்காது. அந்த நாள்களை ஒரு செக்கன் அலைப் படங்களுக்கு ஒதுக்குங்கள். முழுக்க மூடிய மழைவானமும் அவ்வளவு உதவாது. இடையிடையே நீலம் தெரியும் திட்டுத்திட்டான முகில்தான் கோடாக இழுபடும்.

இலங்கையைச் சுற்றி கடலின் ஏற்றவற்று வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. வற்று நேரத்துக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆழமற்ற களப்பில் மட்டும் இது கணக்கில் வரும்.

4. தேவையான பொருள்கள்

ஷட்டரைக் கையால் திறந்து மூடும் பல்ப் நிலை உள்ள கமரா, பாரமான முக்காலி, பூட்டிவைக்கக்கூடிய ரிமோட், ஆறு ஸ்டொப் பில்டர் ஒன்று, பத்து ஸ்டொப் பில்டர் ஒன்று. பெரும்பாலான கமராக்கள் தாமாக 30 செக்கனுக்கு மேல் திறப்பதில்லை. ரிமோட் தேவைப்படுவது அதற்குத்தான். பணம் குறைவாக இருந்தால் லென்ஸில் மிச்சம் பிடியுங்கள், முக்காலியில் மிச்சம் பிடிக்காதீர்கள். கமராவோடு சேர்ந்து வரும் கிற் லென்ஸ் எஃப் 11-இல் (எஃப் எண் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) போதிய கூர்மை தரும். ஆடும் முக்காலியில் எந்த லென்ஸும் தராது.

பில்டர் இல்லாதவர்களும் தொடங்கலாம். சூரியன் எழுவதற்கு முப்பது நிமிடம் முன்னர் வெளிச்சமே போதிய அளவு குறைவாக இருக்கும். எஃப் 11, ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளி உணர்திறன்) 100-இல் பில்டர் இன்றியே பல செக்கன்கள் கிடைக்கும். முதல் மாதத்தை அப்படிப் பழகுவது நல்லது என்பது என் எண்ணம்.

5. வீட்டில் செய்து முடிக்கவேண்டியவை

இருட்டில், மணலில், நுளம்புக் கடிக்கு நடுவே மெனுவைத் தேடக்கூடாது. ஆகவே முதல்நாள் இரவே கமராவை, சென்சர் பதிந்ததை அப்படியே சேமிக்கும் றோ கோப்புக்கு மாற்றுங்கள். ஐஎஸ்ஓவை 100-இல் நிறுத்துங்கள். லென்ஸின் அதிர்வு தடுப்பை அணையுங்கள், ஏனெனில் அசையாத முக்காலியில் அது தானே அசைவைத் தேடிப் படத்தைக் கலக்கக்கூடும். திரைக் காட்சியைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி வையுங்கள். றோ கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும், ஆனால் கரையில் நிற்கும்போது உங்கள் கண் நிறத்தில் மயங்காமல் வெளிச்சத்தையும் இருளையும் மட்டும் பார்க்கும்.

பில்டரைச் சோதிப்பதும் வீட்டில்தான். பத்து ஸ்டொப் என்று எழுதிய எல்லாப் பில்டரும் பத்தாக இருப்பதில்லை. வெளிச்சம் மாறாத அறையில் ஒரு சுவரைப் பில்டர் இன்றி எடுங்கள். பிறகு பில்டரை மாட்டி 1024 மடங்கு நேரம் கொடுத்து எடுங்கள். இரண்டாவது படம் இருண்டால் உங்கள் பில்டர் பத்துக்கு மேல். எவ்வளவு என்பதைக் கண்டுபிடித்துப் பில்டர் உறையில் எழுதி வையுங்கள்.

குளிரூட்டிய அறையில் படுப்பவர்கள் கமராவை அந்த அறையில் வைக்காதீர்கள். விடியற்காலையில் கடற்காற்றுக்குள் எடுத்ததும் லென்ஸில் ஈரம் படர்ந்துவிடும். அது தானாகக் காய்வதற்கு அரைமணி நேரம் போனாலும் போகும். விறாந்தையில் பையோடு வைத்தாலே போதும்.

6. முக்காலியை மணலுக்குள் இறக்குங்கள்

என்னுடைய மிக மோசமான இழப்பு இந்தப் படியில்தான் நேர்ந்தது. அளம்பிலில் ஒரு வாடைக்கால விடியலில், ஈர மணலின்மேல் முக்காலியை விரித்து நான்கு நிமிடத் திறப்பைத் தொடங்கினேன். கரையேறிய நீர் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் காலடியில் உள்ள மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தபோது அடிவானம் இரண்டு கோடாக, இடப்பக்கம் ஒட்டியும் வலப்பக்கம் விலகியும் இருந்தது. முன்கால் ஒன்று மட்டும் இறங்கியிருக்கிறது. அன்று எடுத்த பதினொரு படங்களும் அப்படியே.

அதன் பின் செய்வது இது. கால்களை முழுதாக விரிக்க முன்னர், ஒவ்வொரு காலையும் தனித்தனியே பிடித்து, உடலின் பாரத்தைக் கொடுத்து, இடமும் வலமுமாகத் திருகியபடி கீழே அழுத்துகிறேன். முதல் சாணுக்கு மணல் எளிதாக வழிவிடும். பிறகு ஓரிடத்தில் இறுகிப் பிடிக்கும். அந்த இறுக்கம் மூன்று கால்களிலும் கைக்கு உணரும்வரை விடுவதில்லை. பிறகு ஓர் அலை வந்து காலைச் சுற்றிவிட்டுப் போகட்டும் என்று காத்திருந்து, மறுபடி அழுத்துகிறேன். இரண்டாவது அழுத்தலில் எப்போதும் இன்னும் ஒரு விரற்கடை இறங்கும். மூன்றாவது அலைக்குப் பின் இறங்காவிட்டால்தான் கமராவை ஏற்றுகிறேன்.

நடுத்தண்டை உயர்த்தாதீர்கள்; காற்றில் முதலில் ஆடுவது அதுதான். பாரத்துக்காகப் பையைத் தொங்கவிடும் பழக்கம் காற்று நாளில் தீமையே செய்யும், தொங்கும் பை ஊஞ்சலாடி முக்காலியையும் ஆட்டும். பை மணலைத் தொடுமாறு தொங்கவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். கமராவின் தோள்வாரைக் கழற்றுங்கள். பாலத்தின்மேல் முக்காலி வைக்கவே வேண்டாம்: பஸ் ஒன்று ஏறினால் பாலம் முழுவதும் அதிரும்.

7. சட்டகமும் குவியமும், பில்டர் இன்றி

பத்து ஸ்டொப் பில்டரை மாட்டிவிட்டால் உங்கள் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது, கமராவின் தானியங்கிக் குவியமும் பெரும்பாலும் வேலை செய்யாது. ஆகவே சட்டகம், அடிவான மட்டம், குவியம் ஆகிய மூன்றையும் வெறும் லென்ஸில் முடிக்கவேண்டும்.

முதலில் அடிவானம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் கவனத்தைத் திருப்பாது. சாய்ந்த அடிவானம் உடனே கண்ணைக் குத்தும். பிறகு குவியம்: அசையாப் பொருளின்மேல் தானியங்கியாகப் பிடித்து, உடனே கைமுறைக்கு மாற்றுங்கள். மாற்ற மறப்பதுதான் நான் கண்ட மிகப் பொதுவான தவறு. மறந்தால் ஷட்டரை அழுத்தும்போது கமரா இருட்டில் மறுபடி குவியம் தேடி எங்கோ போய் நிற்கும்.

துவாரத்தை எஃப் 8-க்கும் எஃப் 11-க்கும் இடையில் வையுங்கள். நேரத்தை நீட்டுவதற்காக எஃப் 22-க்கு ஓடுகிறவர்கள் கூர்மையை இழக்கிறார்கள், ஏனெனில் சிறிய துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து சிதறுகிறது. சென்சரில் உள்ள தூசும் அந்தத் துவாரத்தில் கறுத்த பொட்டுகளாகத் தெரியும். நீண்ட திறப்பின் சீரான வானத்தில் அவற்றை ஒளிக்க இடமே இருக்காது.

8. கணக்கு

பில்டர் இன்றி ஒரு படம் எடுத்து, சரியான வெளிச்சம் வரும் வேகத்தைக் கண்டுகொள்ளுங்கள். அதுதான் அடிப்படை வேகம். ஒவ்வொரு ஸ்டொப்பும் நேரத்தை இரட்டிப்பாக்கும்: ஆறு ஸ்டொப் 64 மடங்கு, பத்து ஸ்டொப் 1024 மடங்கு. அடிப்படை 1/60 செக்கன் என்றால் பத்து ஸ்டொப்பில் 17 செக்கன். 1/15 என்றால் 68 செக்கன். 1/4 என்றால் நான்கு நிமிடம் 16 செக்கன். பத்து ஸ்டொப்பை ஆயிரம் மடங்கு என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கே போதும்.

ஆனால் முதலாம் படியில் நேரத்தை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள். ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். இரண்டு நிமிடம் வேண்டும், கையில் பத்து ஸ்டொப் இருக்கிறது: 120-ஐ 1024-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1/8. வெளிச்சம் அடிப்படை வேகத்தை 1/8-க்குக் கொண்டுவரும் வேளையே உங்கள் வேளை. வெளிச்சம் அதைத் தாண்டி 1/125-க்குப் போய்விட்டால் பத்து ஸ்டொப்பில் 8 செக்கன்தான் வரும். மூன்று ஸ்டொப் பில்டர் ஒன்றைச் சேர்த்தால் 64 செக்கன். எஃப் 11-இலிருந்து எஃப் 16-க்குப் போனால் 128 செக்கன். இரண்டு வட்ட பில்டர்களை ஒன்றன்மேல் ஒன்று மாட்டும்போது அகலக் கோண லென்ஸில் மூலைகள் கறுக்கும். சற்று நெருக்கி எடுங்கள்.

இங்கே புதியவர்களை ஏமாற்றுவது விடியல். நம்முடைய அகலாங்கில் சூரியன் ஏறக்குறைய நிமிர்ந்தே எழுவதால் மங்கல் வெளிச்சம் குறுகியது. உதயத்துக்கு முந்திய வேளையில் வெளிச்சம் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை இரட்டிக்கிறது. அடிப்படை வேகத்தை எடுத்து, பில்டரை மாட்டி, நான்கு நிமிடம் திறந்து வைத்தால், முடிக்கும்போது இருக்கும் வெளிச்சம் தொடங்கியபோது இருந்ததல்ல. ஆகவே விடியலில் கணக்கு சொல்வதைவிட நேரத்தைக் குறையுங்கள். மாலையில் மன்னார்ப் பக்கம் எடுக்கும்போது கூட்டுங்கள். எவ்வளவு என்பதற்கு விதி இல்லை. நான் விடியலில் நான்கு நிமிடக் கணக்குக்கு இரண்டரை நிமிடத்தில் மூடுவேன். மாலையில் ஆறு நிமிடம் வரை விடுவேன். ஒவ்வொரு படத்துக்கும் அடிப்படை வேகத்தைப் புதிதாக எடுப்பது இதைவிட முக்கியம்.

9. திறத்தலும் மூடுதலும்

பில்டரை மாட்டும்போது லென்ஸின் குவிய வளையத்தைப் பிடிக்காமல் முன்விளிம்பைப் பிடியுங்கள். திருகு பில்டரானால் மெதுவாகத் திருகினாலே போதும். இறுக்கி மாட்டினால் கழற்றும்போது முழுவதையும் அசைத்துவிடுவீர்கள். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள பழைய வகைக் கமராவில் கண்வைக்கும் துளையை மூடுங்கள், இல்லையெனில் பின்னாலிருந்து புகும் வெளிச்சம் படத்தின் நடுவில் மங்கலான பட்டையாக விழும். நான் கறுப்பு ரேப்புத் துண்டொன்றை எப்போதும் கமராவின் அடியில் ஒட்டி வைத்திருப்பேன்.

ஒரு செக்கன் வகைப் படமானால் அழுத்தும் கணமே எல்லாம். அலை உடையும்போது அழுத்தினால் வெறும் வெள்ளை மேகம்தான் மிஞ்சும். நுரை மணலில் ஏறி, ஒரு கணம் நின்று, திரும்பத் தொடங்கும்போது அழுத்துங்கள். இருபது முப்பது தடவை எடுத்தால் இரண்டு தேறும்.

நிமிடக்கணக்கான படத்தில் கணம் முக்கியமில்லை, உங்கள் கால்கள்தான் முக்கியம். ஷட்டர் திறந்திருக்கும்போது முக்காலியைச் சுற்றி நடக்காதீர்கள். மிதித்த மணல் முக்காலி வரை நெளியும். தொலைபேசித் திரையை லென்ஸின் முன் காட்டாதீர்கள். பில்டரில் நீர்த்துளி தெறித்தால் துடைக்கப் போகாமல் மூடிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

நீண்ட திறப்பில் விழும் பொய்ப் புள்ளிகளை (இரைச்சல்) நீக்கும் கமரா வசதியான இரைச்சல் குறைப்பு, படம் எடுத்த அதே அளவு நேரம் கமராவைப் பூட்டிவைத்து இன்னொரு இருட்டுப் படம் எடுக்கும். நான்கு நிமிடப் படத்துக்கு எட்டு நிமிடம். விடியலில் அதை அணைத்துவிடுங்கள் என்பேன். வெப்பத்தால் தோன்றும் வெள்ளைப் புள்ளிகளைப் பெரும்பாலும் கணினியில் நீக்கிவிடலாம்.

10. திரையில் என்ன பார்க்கவேண்டும்

படம் அழகா என்று பார்க்காதீர்கள். இருட்டில் எந்தப் படமும் திரையில் அழகாகவே தெரியும். ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருள் இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாக எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். அது வலது சுவரில் முட்டியிருந்தால் நுரையிலோ சூரியனைச் சுற்றியோ விபரம் போய்விட்டது, நேரத்தைக் குறையுங்கள். பிறகு அசையாப் பொருளைப் பெரிதாக்கி விளிம்பு ஒன்றா இரண்டா என்று பாருங்கள். இரண்டானால் ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.

11. கறுப்பு வெள்ளையாக மாற்றுதல்

நீண்ட திறப்புப் படம் கணினியில் முதலில் ஏமாற்றத்தையே தரும். பிரகாசமான நுரையும் இருண்ட அலைக்குழியும் சராசரியாகி ஒரே சாம்பலாகிவிட்டன, வானமும் அப்படியே. இதற்கு மருந்தாக முழுப் படத்தின் மாறுபாட்டையும் ஒரேயடியாக ஏற்றுவது பெருந்தவறு. அப்படிச் செய்தால் புகை கரியாகிவிடும், மென்மை போய்விடும்.

முதலில் வெள்ளைச் சமநிலையை, அதாவது வெள்ளைப் பொருள் வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யுங்கள். நிறத்தை நீக்கப் போகும் படத்துக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். பல கறுப்பு பில்டர்கள் படத்துக்கு நீலமோ பழுப்போ ஏற்றிவிடும். கறுப்பு வெள்ளை மாற்றம் ஒவ்வொரு நிறத்தையும் எந்த அளவு சாம்பலாக்குவது என்ற கணக்கில்தான் நடக்கிறது. முழுப் படமும் நீலமாக இருந்தால் நீலத்தைக் குறைக்கும்போது வானத்தோடு மணலும் சேர்ந்தே கறுக்கும்.

அடுத்து நீலத்தைக் கீழே இறக்குங்கள். வானத்தின் நீலத் திட்டுகள் கறுத்து முகில் கோடுகள் எழும்பும். மெதுவாக இறக்குங்கள். எல்லைக்கு இழுத்தால் வானத்தில் மணல்போல இரைச்சல் கிளம்பும், அடிவானத்தை ஒட்டி வெள்ளை ஓரம் ஒன்று தோன்றும். அந்த ஓரம் தெரிந்த இடத்திலிருந்து சற்றுப் பின்வாங்குவதே என் அளவுகோல்.

அதன் பிறகு இருளை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள். திறப்பு நேரம் முழுவதும் இடத்தை விட்டு அசையாத ஒன்றுக்கே முழுக் கறுப்பு உரியது: தடிக்கு, வள்ளத்துக்கு, சுவருக்கு. அதை மட்டும் தெரிவு செய்து ஆழப்படுத்துங்கள். நீரைச் சாம்பலாகவே விடுங்கள். நந்திக்கடல் தடிகளின் படமொன்றில் நான் செய்தது இவ்வளவுதான், தடிகளையும் அவற்றின் நிழலையும் கறுப்பாக்கினேன், கடலைத் தொடவில்லை. வானமும் நீரும் பிரியும் கோடே காணாமல் போனது, தடிகள் ஒன்றுமில்லாத வெளியில் நின்றன.

மூலைகளை இருட்டாக்குவது இன்று எல்லோருக்கும் பிடித்த பழக்கம். எனக்குப் பிடிப்பதில்லை. பில்டர் ஏற்கெனவே ஓரளவு செய்திருக்கும். கடைசியாகப் படத்தை நூறு வீதத்துக்குப் பெரிதாக்கி, இடமிருந்து வலமாக வரிசை வரிசையாக நகர்த்தித் தூசிப் பொட்டுகளை நீக்குங்கள். கடதாசியில் அச்சிட்டால் திரையில் தெரியாத பொட்டும் தெரியும்.

12. கரையை விட்டுப் போக முன்னர்

உப்பு காய்ந்த பில்டரைச் சாரத்தின் நுனியாலோ சட்டையாலோ துடைக்காதீர்கள். உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். போத்தலில் கொண்டுபோன நன்னீரை ஊற்றி உப்பைக் கரைத்துவிட்டு, பிறகு மென்துணியால் ஒற்றி எடுங்கள். முக்காலியின் கால்களை வீட்டில் முழு நீளத்துக்கு நீட்டிக் கழுவி, நீட்டியபடியே நிழலில் காயவிடுங்கள். மடித்து வைத்தால் உள்ளே போன மணலும் உப்பும் பூட்டைக் கடித்துவிடும். அடுத்த விடியலில் கரையில் நின்று திருகும்போதுதான் அது தெரியவரும்.